பத்து கிராம் நாகம்

அஸ்வதி நாற்பத்தொரு நாள் மருந்து பூசினாள். நாற்பத்திரண்டாம் நாள் காலை ஆறேகால் மணிக்கு அவள் வயிற்றிலிருந்த ஐந்து மாதக் குழந்தை போயிற்று. அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அவள் கணவன் பிரதீஷ் நாகர்கோவில் வடசேரியில் ஒரு குறுகிய மாடிப்படியில் ஏறி வந்தான்.

மாடியில் இருந்தது தண்ணீர், மண் பரிசோதனைக் கூடம். அதை நடத்துபவள் அழகியநாயகி. முப்பத்தாறு வயது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, வயல் மண்ணில் சத்து எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது அவள் தொழில். இரண்டு வருடம் முன்பு ஒரு குளத்து மீன்கள் மொத்தமாகச் செத்தபோது அவள் எழுதிய ஒரு பக்க அறிக்கை, யார் எதைக் கொட்டினார்கள் என்று சொல்லிவிட்டது. அதிலிருந்து தண்ணீரும் மண்ணும் அல்லாத சங்கதிகளும் படியேறி வரத் தொடங்கின. ஓய்வுபெற்ற ஏட்டு சத்தியநேசனும் அப்படி வந்தவர்தான். தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தவர், முடிவு கிடைத்த பிறகும் தினமும் வந்தார். ஆள் வந்தால் அவளை ‘மேடம்’ என்பார். ஆள் போனால் ‘மக்கா’ என்பார்.

பிரதீஷ் மூன்று பொருள்களை மேசைமேல் வைத்தான். ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி, அடியில் கொஞ்சம் பொடி. மடித்த ஒரு சீட்டு. ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள்.

“மார்த்தாண்டம் பக்கம் எனக்க வீடு. மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கு. லீவுல வாறதா இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயி, ஓடி வந்தேன்.”

“மெதுவாச் சொல்லுங்க,” என்றாள் அழகியநாயகி.

“அவளுக்கு மாசமா இருக்கும்போ முகத்தில மங்கு வந்தது. ரெண்டு கன்னத்திலயும், கறுப்பா. சுசீந்திரத்தில ஒரு சித்த வைத்தியருகிட்ட எழுதி வாங்கினா. கூடப் படிச்ச பிள்ளைக்க அப்பா அவரு. எனக்க அம்மை மார்த்தாண்டத்தில கடையில வாங்கிக் குடுத்தா. நாக பஸ்மம். தெனமும் சாயங்காலம் வெண்ணெயில குழைச்சு முகத்தில இடுவா. ஒரு மண்டலம்.”

“எவ்வளவு எடுப்பாங்க?”

“கடுகளவு. அவதான் சொன்னா.”

“வேற ஏதாவது உபத்திரவம்?”

“ஒரு மாசமா வயித்துவலி. மாசமா இருக்கதுனாலன்னு ஆரும் கண்டுக்கல. பிள்ளை போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டாக்டரு அவ வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தாரு. ஈறுல நீலமா ஒரு கோடு. உடனே ரத்தத்தைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினாரு.”

அழகியநாயகி தாளைப் பார்த்தாள். ஈயம். ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டிய எண் எண்பத்தொன்று என்றிருந்தது. குழந்தை போனதற்கு அது காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கீழே கையால் எழுதியிருந்தார்.

“அவ இப்போ சிதறால்ல அண்ணன் வீட்டுல. சுயம்புராஜ்னு பேரு, அங்க கடை வச்சிருக்கான். எனக்க அம்மைதான் விஷம் வச்சான்னு சொல்லுகான். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குப் போலீசுல எழுதிக் குடுக்கப் போறான். ஊரும் அதான் சொல்லுது.”

“அம்மாகிட்டக் கேட்டீங்களா?”

பிரதீஷ் குனிந்தான். “கேட்டேன். அவ இல்லன்னும் சொல்லல. உண்டுன்னும் சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு. மேடம், எனக்க அம்மை செய்தாளா இல்லியா? அது மட்டும் தெரிஞ்சாப் போரும். அம்மையை விடணுமா, பெண்டாட்டியை விடணுமான்னு தெரியாம வந்ததுல இருந்து நடக்கேன்.”

அவன் இறங்கிப் போனதும் சத்தியநேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாமியாருதான் மக்கா. முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ். வாய் திறக்காதவன் எவனும் நிரபராதி இல்ல.”

“திறந்தவன்?”

“திறந்தவன் பொய் சொல்லுவான்.”

அவள் சீட்டை விரித்தாள். நல்ல உருண்டையான கையெழுத்து. ‘நாக பற்பம், 10 கிராம். வெண்ணெயில் குழைத்து. ஒரு மண்டலம்.’ கீழே வள்ளிநாயகம் என்று கையொப்பம். வேறு எதுவும் இல்லை.

“நாகமுன்னா பாம்பில்லியா? பாம்பைப் பொடிச்சா பூசுதாவ?”

“துத்தநாகம், ஏட்டையா. சித்த வைத்தியத்தில நாகம்னா அதுதான். ஆஸ்பத்திரியில மங்குக்குக் கொடுக்கிற சில களிம்பிலயும் துத்தநாகம் இருக்கும். வெயிலைத் தடுக்கும். சிலருக்குக் கொஞ்சம் வெளுக்கும். பலருக்கு ஒண்ணும் ஆகாது. முகத்தில பூசினா கெடுதல்னு பெரிசா ஒண்ணும் கிடையாது.”

அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். பொடி சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் இருந்தது. குப்பி அதன் அளவுக்கு மீறிக் கனத்தது. ஒரு துளிப் பொடியை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, அந்தத் தெளிந்த நீரில் பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு விட்டாள். சோதனைக் குழாயில் பளிச்சென்று மஞ்சள் நிறம் திரண்டு அடியில் இறங்கியது.

“ஏ மக்கா, மஞ்சக்கெழங்கு அரைச்ச மாதிரி!”

“ஈயம்.”

“அப்போ நாகத்தை எடுத்துக்கிட்டு ஈயத்தை வச்சிருக்கா. கேஸு முடிஞ்சு.”

“முடியல. தோல் வழியா ஈயம் இவ்வளவு ஏறாது. வாய் வழியாப் போயிருக்கணும்.”

அவள் குப்பியில் மிஞ்சியதை நிறுத்தாள். சோதனைக்கு எடுத்ததையும் சேர்த்து ஐந்து புள்ளி மூன்று கிராம். பிறகு கடுகளவு எடுத்து நிறுத்தாள். அப்படி ஐந்து முறை. சராசரி ஐம்பது மில்லிகிராம். நாற்பத்தொரு நாளைக்குப் பூசினால் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

“வாங்கினது பத்து. மிச்சம் அஞ்சே கால். பூசினது ரெண்டு. பாக்கி எங்கே?”

சத்தியநேசன் விரல் மடக்கிப் பார்த்தார். “ரெண்டரைக்கு மேல காணல்ல.”

“ரெண்டு புள்ளி ஆறு அஞ்சுன்னு வைங்க. நாற்பத்தொண்ணால வகுத்தா ஒரு நாளைக்கு அறுபத்தஞ்சு மில்லிகிராம். பழைய அளவில ஒரு அரிசி எடை.” அவள் தராசைத் துடைத்து வைத்தாள். “கோபத்தில விஷம் வைக்கிறவங்க அரிசி எடையா நிறுத்து வைக்க மாட்டாங்க.”

மறுநாள் வியாழக்கிழமை காலை இருவரும் சுசீந்திரம் போனார்கள். வைத்தியர் வள்ளிநாயகத்துக்கு எழுபது வயதிருக்கும். சேதி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார்.

“நான் சொல்லுகேன் கேளுங்கோ,” என்றார். “வயித்துல பிள்ளை இருக்குன்னு அந்தக் குட்டி சொல்லிச்சு. அதனாலதான் உள்ளுக்கு ஒண்ணும் கிடையாது, மேலுக்கு மட்டும்னு மூணு மட்டம் சொன்னேன்.”

“சீட்டில எழுதலையே.”

“முன்னால இருக்கப்பட்ட பிள்ளைகிட்ட வாயால சொல்லியாச்சு. எழுதணும்னு தோணல.”

“மருந்து நீங்களே கொடுக்கலையா?”

“கைவசம் தீந்துபோச்சு. புடம் போட்டு எடுக்கப் பத்து நாளாகும்னேன். அது பொறுக்காதுன்னு சொல்லிச்சு. இப்போ எடுத்தது இந்தா இருக்கு.” அவர் ஒரு பரணியைத் திறந்தார். உள்ளே இலவம் பஞ்சு போல வெள்ளைப் பொடி. தொட்டால் பறந்தது.

“இதில பத்து கிராம்னா ஒரு கை நிறைய வருமே.”

“வரத்தானே செய்யும்.”

“எத்தனை நாள் பூசச் சொன்னீங்க?”

“ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்.” அவர் பரணியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி மூடினார். “எழுதியே குடுத்திருக்கப்படாது,” என்றார். எதை என்று அவள் கேட்கவில்லை.

மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் சத்தியநேசன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“பெரியவரு சுத்தம். அடுத்தது மாமியாரா?”

“ஆமா. ஆனா நீங்க போலீஸ் குரல்ல பேசக்கூடாது.”

“எனக்கு இருக்கது ஒரு குரலுதான் மக்கா.”

பிரதீஷின் அம்மா முத்துக்கனி வாசலிலேயே நின்றாள். ஐம்பத்து நான்கு வயது. அவளுடைய இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் பழைய மங்கு படர்ந்திருந்தது. அதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவுடன் சேலைத் தலைப்பைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. பல வருடப் பழக்கம்.

“சாயா குடிக்கியளா?”

“குடிக்கிறோம் அக்கா,” என்றபடி அழகியநாயகி அவள் பின்னாலேயே அடுக்களைக்குள் போனாள். “அஸ்வதி எத்தனை நாள் மருந்து பூசினா?”

“ஒரு மண்டலம். நாப்பத்தொண்ணு நாளு.”

“கடைக்காரர் கட்டித் தந்த பொட்டலத்துத் தாள் இருக்கா?”

“இல்ல. அடுப்புல இட்டேன்.”

“எப்போ?”

முத்துக்கனி பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பிள்ளை போன அன்னைக்கு.”

வாசலில் இருந்த சத்தியநேசன் தொண்டையைச் செருமினார். அழகியநாயகி திரும்பாமலே கையைக் காட்டினாள்.

“அவளுக்குக் காலைல என்ன கொடுப்பீங்க?”

“புட்டு, பயறு. சில நாளு இடியாப்பம். அதுக்கு முந்தி வெறும் வயித்தில ஒரு கரண்டி வெண்ணெயும் கல்கண்டும். பிள்ளைக்கு நல்லது. எருமை வெண்ணெய் அவளுக்கு ஆகாது, பசு வெண்ணெய்தான் தின்னுவா. கடைஞ்சு வச்சிருப்பேன்.” அவள் நிறுத்தினாள். பால் பொங்கி வழிந்தது. இருவரும் அடுப்பை அணைத்துத் துடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வெளியே வந்ததும் சத்தியநேசன் பொறுக்க முடியாமல் சொன்னார். “பொட்டலத்தை எரிச்சிருக்கா! தடயம்! இதுக்கு மேல என்ன வேணும்?”

“பொட்டலத்தை எரிச்சிருக்காங்க. குப்பியைத் தொடலையே, ஏட்டையா. பொடியை மறைக்கணும்னா குப்பியை அல்லவா கொட்டணும்?”

மருந்துக்கடை சந்தைக்கு எதிரே இருந்தது. பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. கடைக்காரர் கிருஷ்ணமணி நெய்யாற்றின்கரையில் தன் மாமாவிடம் தொழில் படித்தவர். நாற்பது வருடமாக அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்.

“நாக பற்பம், பத்து கிராம்,” என்றாள் அழகியநாயகி.

“ஆருக்கு?” கிருஷ்ணமணி கண்ணாடியை இறக்கி அவள் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்கு மங்கு ஒண்ணும் காணல்லியே. போன மாசத்துக்கு முந்தி ஒரு அம்மை வாங்கிக்கொண்டு போனா. அவளுக்கு முகம் நிறைய உண்டு. பாத்ததும் கேக்காமலே எடுத்துக் குடுத்தேன்.”

“எனக்கு இல்ல. ஒருத்தருக்கு வேணும்.”

அவர் சிறிய தராசில் நிறுத்தார். பொட்டலம் ஒரு நெல்லிக்காய் அளவுகூட இல்லை. மேலே பேனாவால் ‘நாக பஸ்மம்’ என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு வரி எழுதினார். “ஒரு மண்டலம். நாற்பத்தொண்ணு திவசம். ஒரு நாளும் மறக்கப்படாது.”

“நான் பற்பம்னு கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான் மோளே. நீங்க அங்கோட்டு உள்ளவங்க பற்பம்னு சொல்லுவீங்க. நாங்க பஸ்மம்னு சொல்லுவோம்.”

தெருவில் நின்று அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். மேலே எழுதியிருந்ததை வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“எடையில ஏமாத்தினாரா?” என்றார் சத்தியநேசன்.

“இல்ல. அவர் சரியாத்தான் கொடுத்தார்,” என்றாள். அவள் முகம் வாடியிருந்தது. “எல்லாரும் சரியாத்தான் செய்திருக்காங்க. ஏட்டையா, நாளைக்கு எட்டரை மணிக்கு இந்தக் கடைக்காரரைச் சிதறாலுக்குக் கூட்டிட்டு வரணும். வைத்தியரை நான் கூட்டிட்டு வாறேன்.”

“வரமாட்டேன்னு சொன்னா?”

“உங்ககிட்ட ஒரு குரல் இருக்கே.”

வெள்ளிக்கிழமை காலை சிதறாலில் சுயம்புராஜின் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. சுயம்புராஜ் நெற்றியில் நாமம் இட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, எழுதிய புகாரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மாமியாரைக் காப்பாத்த ஏட்டும் பட்டாளமும் வந்தாச்சோ?”

“தம்பி, நான் ரிட்டயர்டு,” என்றார் சத்தியநேசன். “எனக்கே ஒரு குடை கிடையாது, நான் ஆரைக் காப்பாத்த?”

யாரும் சிரிக்கவில்லை. பிரதீஷ் சுவரோரம் நின்றான். முத்துக்கனி மகனிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். வள்ளிநாயகமும் கிருஷ்ணமணியும் ஒருவரையொருவர் தெரியாதவர்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். உள்ளறை வாசலில் அஸ்வதி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். ஈயத்தை உடம்பிலிருந்து இறக்க மருந்து போய்க்கொண்டிருந்தது. கையில் ஊசி குத்திய இடம் கன்றியிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

அழகியநாயகி உட்காரவில்லை. மெதுவான குரலில் ஆரம்பித்தாள்.

“குப்பியில இருந்தது ஈயம். அதைச் சோதிச்சுப் பாத்துட்டேன். வைத்தியர் எழுதினது துத்தநாகம். நடுவில யாரோ மாத்தியிருக்கணும்னு எனக்கும் தோணிச்சு. அப்படி மாத்தினவரைத் தேடிப் போனேன். அப்படி ஒருத்தர் இல்ல.”

“இல்லியா?” சுயம்புராஜ் குரலை உயர்த்தினான். “பின்ன ஈயம் பறந்தா வந்தது?”

“பிரதீஷ் என்கிட்ட வந்த அன்னைக்கு நாக பஸ்மம்னு சொன்னார். சீட்டில நாக பற்பம்னு இருந்தது. ஒரே மருந்துக்கு ரெண்டு பேர் இருக்கலாம். அதனால விட்டுட்டேன். அப்புறம் இன்னொண்ணு. பூசினது நாற்பத்தொரு நாள். வைத்தியரோட மண்டலம் நாற்பத்தெட்டு நாள். இந்தப் பக்கம் மலையாள வழக்கில மண்டலம்னா நாற்பத்தொண்ணு. அப்போ இந்த மருந்துக்கு எத்தனை நாள்னு சொன்னது சுசீந்திரத்து வைத்தியர் இல்ல. வேற முறை படிச்ச ஒருத்தர்.”

அவள் பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து ஸ்டூல் மேல் பிரித்து வைத்தாள். ஒன்றில் பஞ்சு போன்ற வெள்ளைப் பொடி. இன்னொன்றில் சாம்பல் மஞ்சள்.

“வைத்தியரே, இது என்ன?”

வள்ளிநாயகம் வெள்ளையைத் தொட்டார். “நாகம்.”

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, இது என்ன?”

கிருஷ்ணமணி மஞ்சளைத் தொட்டார். “நாகம்.” பிறகு வெள்ளையைப் பார்த்தார். “அது யசதம்லா.”

வள்ளிநாயகம்தான் முதலில் புரிந்துகொண்டார். அவர் கை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தது.

“சித்த வைத்தியத்தில நாகம்னா துத்தநாகம்,” என்றாள் அழகியநாயகி. “ஆயுர்வேதத்தில நாகம்னா ஈயம். துத்தநாகத்துக்கு அங்கே யசதம்னு பேர். ரெண்டு பேரும் நாற்பது வருஷமாத் தொழில் செய்றவங்க. ரெண்டு பேரும் சொல்றது சரி. சுசீந்திரத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில நாற்பது கிலோமீட்டர்கூட இல்ல. அதுக்குள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் மாறிப்போச்சு.”

“ஈசுவரா,” என்றார் கிருஷ்ணமணி. “நான் சுத்தி செய்த சரக்குதான் குடுத்தேன். கர்ப்பிணிக்குன்னு ஆரும் சொல்லல்லியே. தெரிஞ்சா விரல் நுனியிலகூட எடுத்திருக்க மாட்டேன்.”

“நீங்க கேக்கல. ஏன்னா வாங்க வந்தவங்க முகத்திலயே மங்கு இருந்தது. மருந்து அவங்களுக்குன்னு நினைச்சீங்க.”

கிருஷ்ணமணி முத்துக்கனியைப் பார்த்தார். அவள் தலைப்பு கன்னத்தை மூடியிருந்தது.

சுயம்புராஜ் உட்கார்ந்துவிட்டான். ஆனால் விடவில்லை. “சரி. கடையில தப்பு. ஆனா இவ முகத்திலதானே பூசினா? ரத்தத்தில எண்பத்தொண்ணு எப்படி வந்தது? நீங்கதானே தோல் வழியா ஏறாதுன்னு எனக்க மச்சான்கிட்ட ஃபோன்ல சொன்னது?”

“சொன்னேன். அது உண்மை.” அழகியநாயகி மஞ்சள் பொட்டலத்தின் தாளைத் திருப்பினாள். “பத்து கிராம்ல ரெண்டரை கிராமுக்கு மேல கணக்கில வரல. ஒரு நாளைக்கு ஒரு அரிசி எடை. நேத்து நான் வாங்கின பொட்டலத்து மேல அண்ணாச்சி ரெண்டு வரி எழுதித் தந்தார். முதல் பொட்டலத்திலயும் இதேதான் எழுதியிருப்பார்.” அவள் வாசித்தாள். “‘காலையில் வெறும் வயிற்றில், ஓர் அரிசி எடை, வெண்ணெயில் உள்ளுக்கு.’”

பிரதீஷ் சுவரிலிருந்து விலகினான். அஸ்வதியின் கை நிலையில் இறுகியது.

“வைத்தியரோட சீட்டில வெண்ணெய்னு மட்டும் இருந்தது. பூசவா, சாப்பிடவான்னு இல்ல. அஸ்வதி வைத்தியர் வாயால சொன்னதைக் கேட்டு முகத்தில பூசினா. பொட்டலத்தில எழுதினதை வாசிச்ச இன்னொருத்தர் இந்த அறையில இருக்காங்க. அவங்க எதையும் மறைக்க நினைச்சுப் பொட்டலத்தை எரிக்கல. தன் கண்ணால அதை மறுபடி பாக்க முடியாம எரிச்சாங்க. அதை நான் சொல்றது சரியில்ல. அவங்களே சொல்லட்டும்.”

வெளியே ஒரு பஸ் நின்று, போயிற்று. மணி ஒன்பதே முக்கால்.

“நான்தான்,” என்றாள் முத்துக்கனி.

பிரதீஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

“உள்ளுக்குத் திங்க மாட்டேன்னு அவ முதல் நாளே சொன்னா. அடம் பிடிக்கான்னு நினைச்சேன். பூசினா மட்டும் எங்க போவும்? வேருல இருக்கப்பட்டதுல்லா? கிருஷ்ணமணி அண்ணன் எழுதித் தந்தா தப்பாதுன்னு நினைச்சேன். அவளுக்குத் தெரியாம வெண்ணெயில குழைச்சேன். கல்கண்டு போட்டுக் குடுத்தேன். ஒரு நாளும் விட்டதில்ல. காய்ச்சல் வந்த அன்னைக்கும் எழும்பிக் குடுத்தேன்.” அவள் மூச்சு வாங்கினாள். “டாக்டரு மருந்து என்ன குடுத்தியன்னு கேட்டாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்க கையாலன்னு.”

“எதுக்கு அம்மை?” பிரதீஷ் அம்மையின் பக்கம் திரும்பினான். “எதுக்கு மறைச்சுக் குடுத்தே? மங்கு இருந்தா என்ன, நான் வேண்டாம்னா சொன்னேன்?”

“நீ சொல்லல. உனக்க அப்பா சொன்னாரு, என்கிட்ட.” முதல் முறையாக அவள் தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இரு கன்னத்து மங்கும் காலை வெளிச்சத்தில் தெரிந்தது. “நீ வயித்தில இருக்கும்போ வந்தது. முப்பத்தொரு வருஷம். நீ பிறந்து, நடந்து, வெளிநாடு போயும் இது போவல்ல. கல்யாண வீட்டுல என்னை முன்னால நிறுத்த மாட்டாரு. ஃபோட்டோவுல நிக்காதேம்பாரு. இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆவப்படாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான் மக்கா. வேற ஒண்ணும் நினைக்கல.”

சுயம்புராஜ் சட்டைப் பையிலிருந்து புகாரை எடுத்தான். மடிப்பைப் பிரித்தான். தங்கையைப் பார்த்தான்.

அஸ்வதி நிலையை விட்டு மெதுவாக நடந்து வந்து முத்துக்கனிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் கன்னங்களில் மங்கு இப்போதே சற்று வெளிறியிருந்தது. அதைச் சத்தியநேசன் கவனித்தார். அழகியநாயகியும் கவனித்தாள். வள்ளிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னைப் பாக்காதே மக்களே,” என்றாள் முத்துக்கனி. “அண்ணனை எழுதிக் குடுக்கச் சொல்லு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

அஸ்வதி தலையை அசைத்தாள். பத்து நாளாக அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. குரல் மெல்ல வந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லல மாமி. வைத்தியரு மருந்தே வேண்டாம்னுதான் முதல்ல சொன்னாரு. இவரு லீவுல வாறதுக்குள்ள முகம் சரியாவணும்னு நான்தான் அழுது எழுதி வாங்கினேன்.”

“எதுக்கு வேண்டாம்னாரு?” என்றாள் முத்துக்கனி.

“பிள்ளை பிறந்தா தானாப் போயிரும்னு சொன்னாரு.”